தளவாயின் மூன்று பிள்ளைகள்

குன்றும் ஆறும் சூழ்ந்த வெண்குன்றூரை முன்னொரு காலத்தில் மானவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் மனிதர் உடனே ஓலை எழுதிவிடுவார். கோபம் ஆறியதும் அந்த ஓலை எங்கே என்று தேடுவார்.

அவருக்கு ஒரே மகள், செங்கமலவல்லி. ஐந்து வயதில், "எங்கப்பா சொன்னால்தான் மழை பெய்யும்" என்று தோழிகளிடம் அடித்துச் சொன்னவள். பதினாறு வயதில், சபை நிறைந்திருக்கும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பாவுக்கு யானையைப் பற்றி என்ன தெரியும்? ஓட்டுவது பாகன். இவர் மேலே உட்கார்ந்து மீசையை முறுக்குவார், அவ்வளவுதான்!"

சபையே சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. ராஜாவுக்கு முகம் சிவந்தது. கோபத்தைவிட வலிதான் அதிகம்.

படைக்குத் தளவாயான வீரமல்லர் எழுந்தார். அமைச்சர் இளநாகரின் செல்வாக்கைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அரசே, இளவரசிக்குப் பாடம் சொன்னவர் நம் அமைச்சர்தானே? லட்சணம் தெரிகிறது! என் பிள்ளைகள் மூவரும் என்னைத் தெய்வமாக நினைக்கிறார்கள். இளவரசியை ஓராண்டு மலைக்கோட்டைக்கு அனுப்புங்கள்."

ராஜா ஓலை எழுதிவிட்டார். முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"அனுப்பலாம், அரசே" என்றார் இளநாகர். "அதற்கு முன் தளவாயின் பிள்ளைகளை வரவழைப்போம். நீங்கள் இருவரும் திரைக்குப் பின்னாலிருந்து கேளுங்கள்."

பிள்ளைகள் வந்தார்கள். "உங்கள் அப்பா நம் ஆற்றை நீந்திக் கடப்பாரா?" என்று கேட்டார் அமைச்சர்.

ஆறு வயதுக் கடைக்குட்டி குதித்தாள். "ஒரே மூச்சில்! தாகம் எடுத்தால் ஆற்றையே குடித்துவிடுவார்!"

திரைக்குப் பின்னால் தளவாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

பதினாறு வயது மகன் உதட்டைப் பிதுக்கினான். "அப்பாவா? படகில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வார். வாய்தான் வீரம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. தளவாயின் முகத்திலும் தான் பட்ட அதே வலி.

மூத்தவள் உமையாளுக்கு இருபத்தேழு வயது, கைக்குழந்தைக்காரி. "தம்பி சொல்வது உண்மை. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எட்டு வயதில் நான் வெள்ளத்தில் விழுந்தேன். அப்பா யோசிக்காமல் குதித்துவிட்டார். மீனவர்கள்தான் எங்கள் இருவரையும் இழுத்துக் கரையேற்றினார்கள். நீந்தத் தெரியாமல் குதித்தாரே, என்ன அசடு என்று நானும் பல வருஷம் சிரித்திருக்கிறேன். எனக்கு இந்தக் குழந்தை பிறந்த பிறகு சிரிக்க முடியவில்லை, ஐயா."

"எனக்கு யாருமே சொல்லலையே, அக்கா" என்றான் தம்பி மெதுவாக.

திரையை விலக்கிக்கொண்டு தளவாய் வந்தார்.

"அப்பா, நாளைக்கு ஆற்றுக்கு வாங்க. நான் நீச்சல் கற்றுத்தருகிறேன்" என்றான் மகன்.

"வருகிறேன். படகு மட்டும் வேண்டாம்" என்றார் தளவாய். பிறகு இளநாகரிடம் போய்க் கைகூப்பினார்.

"அப்படியென்றால் நான் இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டுமா?" என்று ராஜா பெருமூச்சுவிட்டார்.

"காத்திருக்கத்தான் வேண்டும், அரசே. ஆனால் மகளை மலைமேல் உட்காரவைத்துவிட்டால், அவள் உங்களைப் பார்ப்பது எப்படி?"

ராஜா ஓலையைக் கிழித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். நேரே மகளிடம் போனார்.

"என்னை அனுப்பலையா?" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமல்.

"நீ போய்விட்டால் என்னோடு சண்டை போட யார் இருக்கிறார்கள்?"

சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் ஊஞ்சலில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"உட்காருங்கப்பா" என்றாள்.