அல்லிக்கு ஊரார் கொடுத்த நிறம்

மனிதரும் தும்பியும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், எல்லார் கண்ணுக்கும் நிறங்கள் ஒன்றுபோலவே தெரிந்தன. மலைமேல் ஒரு நிறச்சுனை இருந்தது. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், தும்பி அந்தச் சுனையில் சிறகை நனைத்து வந்து பிள்ளையின் கண்ணில் ஒரு சொட்டு விடும்.

ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து சுனை மண்ணுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு முதலில் பிறந்தவள் மருதாயியின் மகள் அல்லி. அவள் கண்ணுக்கு உலகமே சாம்பல். நடக்கப் பழகியதும், அத்திப்பழம் என்று நினைத்து நஞ்சான எட்டிப்பழத்தைக் கடித்துவிட்டாள். மருதாயி ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டு அத்தனையையும் தோண்டி எடுத்தாள். குழந்தை பிழைத்தது.

மருதாயி அழுதபடியே தும்பியைக் கூப்பிட்டாள். "என் கண்ணில் இருக்கிற நிறத்தை எடுத்து இவளுக்கு விடு."

"ஒருத்தியிடமே எடுப்பதென்றால் முழுதும் எடுக்க வேண்டும், தாயே. அப்புறம் உன் மகள் முகம்கூட உனக்குச் சாம்பலாகத்தான் தெரியும்."

"தெரியட்டும். இவள் உயிரோடு இருந்தால் போதும்."

இதைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சடையன் வேலியைத் தாண்டி வந்தான். "அதெப்படி? என்னிடமும் எடு. பச்சையைத் தாராளமாக எடுத்துக்கொள். காட்டிலேயே கிடக்கிறேன், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது."

"என் நீலத்தில் கொஞ்சம் குறைந்தால் குடியா முழுகிவிடும்?" என்றாள் அவன் மனைவி நாச்சி.

சேதி பரவி ஊரே வாசலில் கூடியது. அவரவர் மனசுக்குத் தோன்றியதைத் தோன்றிய அளவுக்குக் கொடுத்தார்கள். மருதாயி கொடுத்தது சிவப்பு, நிறைய.

சேர்த்த சொட்டு கண்ணில் விழுந்ததும் அல்லி இமையைக் கசக்கிக்கொண்டு தாயை வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, நீ இப்படியா இருக்கே!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் சடையன் வீட்டில் ஒரே சத்தம். ஒரு மயிலிறகைப் பிடித்துக்கொண்டு அவன் "நீலம்" என்கிறான், நாச்சி "பச்சை" என்கிறாள். மருதாயிக்கும் செம்பருத்தி கொஞ்சம் மங்கித்தான் தெரிந்தது. அவள் அதையே பறித்து மகள் தலையில் சூட்டினாள்.

ஒருமுறை கண்விட்டுக் கண் இறங்கப் பழகிய நிறம், அதன்பின் சுனைச் சொட்டு இல்லாமலே பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது; கொடுத்ததுபோக மிச்சமிருந்த நிறம்தான் அவரவர் பிள்ளைகளின் கண்ணுக்கும் வந்தது. ஒரே சேலையை ஒருவர் பச்சை என்பதும் இன்னொருவர் நீலம் என்று சாதிப்பதும், அந்த ஊர் ஒரு குழந்தைக்குத் தன் கண்ணிலிருந்து அள்ளிக் கொடுத்த அன்று தொடங்கியதுதான்.