சடைச்சி போட்ட உமி

ஒரே ஒரு ஊருல நெல்லு குத்திப் பொழைக்கிற சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. ஊரு நெல்லையெல்லாம் குத்துவா, அரிசியை அவங்கவங்க அள்ளிட்டுப் போயிருவாங்க, இவளுக்குக் கூலி குருணையும் உமியுந்தான். ஆனா புத்தி? அந்தச் சீமையிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. அப்புறம் ஏன் கஞ்சிக்குத் திண்டாடினா? அதைத்தான் சொல்லப்போறேன், சும்மா 'ம்' கொட்டுங்க, சொல்றப்பவே எனக்கு வயிறு எரியுது.

அந்த ஊருக்கு மணியக்காரன் சொக்கப்பன். ராசா சபையில ஊருக்காக அவன் ஒருத்தன்தான் வாயைத் திறக்கலாம், வேற யாரும் உள்ள காலு வைக்கக் கூடாது. அதுதான் அங்க வழக்கமாம். நல்லா இருக்குல்ல வழக்கம்?

ஒரு தடவை ஊரு ஏரிக்கரையில ஓட்டை விழுந்து தண்ணி ஒழுகுது, எங்கேன்னு யாருக்கும் தெரியலை. சடைச்சி விடியக்காலையில, காத்து அடங்கின நேரமாப் பாத்து, ஒரு மொறம் உமியைத் தண்ணி மேல தூவினா. உமி மெல்ல மெல்ல நகந்துபோயி ஒரு இடத்துல வட்டமாச் சுத்துச்சு. "அங்கதான் ஓட்டை, அடைங்க"ன்னா. அடைச்சாங்க, தண்ணி நின்னுச்சு. சொக்கப்பன் நேரா ராசாகிட்ட ஓடி, "நாந்தான் கண்டுபிடிச்சேன்"னான். ராசா ஒரு மூட்டை பட்டு குடுத்தாரு.

"எசமான், ராசாகிட்ட எம் பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சொன்னேன், பாக்கலாம்னாரு."

அப்புறம் ராசாவோட களஞ்சியத்துல வண்டு விழுந்துச்சு. சடைச்சி, "நெல்லுக்கு நடுவுல நொச்சித் தழையைப் பரப்பச் சொல்லுங்க"ன்னா. வண்டு போச்சு. சொக்கப்பனுக்கு இலவம்பஞ்சு மெத்தை வந்துச்சு. "எம் பேரைச் சொன்னீங்களா?" "சொன்னேன் சொன்னேன், பாக்கலாம்னாரு."

அப்புறம் பட்டத்து யானை சேத்துல மாட்டிக்கிச்சு. சடைச்சி, "இழுக்க வேணாம், வைக்கோல் கட்டாப் போட்டுக்கிட்டே இருங்க, அதுவே மிதிச்சு ஏறி வந்துரும்"னா. ஏறி வந்துச்சு. சொக்கப்பனுக்குப் பல்லக்கு வந்துச்சு. "எம் பேரைச் சொன்னீங்களா?" "அடச்சீ, எத்தனை தடவை சொல்றது, பாக்கலாம்னாரு!"

அந்த வருசம் அடைமழை. ராசாவோட பெரிய ஏரியில ஓட்டை. கரைக்குக் கீழதான் சடைச்சியோட குடிசை, அவளைப் போல கூலிக்காரங்க நாப்பது குடிசை. கரை போனா ஒரு உசிரு தங்காது. தமுக்கடிச்சுக்கிட்டு ஒருத்தன் வந்தான்: "உமி போட்டு ஓட்டை கண்ட, வண்டு ஓட்டின, யானை ஏத்தின மகா புத்திசாலி சொக்கப்ப மணியக்காரரு ஏரியைக் காப்பாத்தப் போறாரு!"

சடைச்சி கையில இருந்த உலக்கையைக் கீழ போட்டா. அட பாவி, ஒரு தடவைகூட எம் பேரைச் சொல்லலையா நீயின்னு அவளுக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. உமி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு ஓடினா.

அங்க ராசா கரையில நின்னு பாத்துக்கிட்டிருக்க, சொக்கப்பன் மழை விட்ட உச்சி வெயில்ல, காத்து ஊவுன்னு அடிக்கையில, உமியை வாரி எறியிறான். உமி காத்தோட போயி கிழக்கு மூலையில ஒதுங்குச்சு. "அங்கதான் ஓட்டை! கரையை வெட்டிப் பாருங்க"ன்னான். மம்பட்டியைத் தூக்கிட்டாங்க!

"வெட்டாதே!"ன்னு கத்தினா சடைச்சி. "ராசா, அது ஓட்டைக்குப் போன உமி இல்ல, காத்துக்குப் போன உமி! வெட்டினா நாப்பது குடும்பமும் செத்துச்சு!"

சேவகன் ஒருத்தன், "மணியக்காரரு இருக்கையில நீ பேசக் கூடாது"ன்னான்.

"பேசாமச் சாவச் சொல்றியா? உமி போட்டது நானு. வண்டுக்கு வழி சொன்னது நானு. யானையை ஏத்தினது நானு. யாரு செஞ்சதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா ராசா?"

ராசா சொக்கப்பனைப் பாத்தாரு. "அப்ப காத்துல எப்படிடா கண்டுபிடிக்கிறது, சொல்லு?" அவன் இன்னொரு பிடி உமியை அள்ளி எறிஞ்சான், அதுவும் காத்தோட போச்சு. சடைச்சி ஓலைப்பாய்களை வரிசையா நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, காத்தை மறைச்சு உமி போட்டா. முத இடத்துல சுத்தலை. ரெண்டாவது இடத்துல சுத்தலை. மூணாவது இடத்துல கிறுகிறுன்னு சுத்துச்சு. வைக்கோலைத் திணிச்சா தண்ணி இழுத்துட்டுப் போகுது.

"மணியக்காரரு வாங்கின பட்டு மூட்டையைக் கொண்டாங்க"ன்னா. போச்சு உள்ள. "மெத்தையைக் கொண்டாங்க"ன்னா. போச்சு உள்ள. "பல்லக்கை ஒடைச்சுப் போடுங்க"ன்னா. அப்பவும் கொஞ்சம் ஒழுகுது.

ராசா, "மணியக்காரனைப் போடுங்க"ன்னாரு! கழுத்தளவு தண்ணியில, முதுகை ஓட்டைக்குக் குடுத்து உக்கார வச்சு, சுத்திலும் களிமண்ணை மிதிச்சு ஏத்தினாங்க. மண்ணு இறுகிற வரைக்கும் மூணு நாளு உக்காந்திருந்தான், கெண்டை மீனு காலைக் கடிக்கக் கடிக்க.

ராசா, "சடைச்சி, அவனுக்குக் குடுத்ததெல்லாம் இனி உனக்கு"ன்னாரு.

"எது ராசா? எல்லாம் ஓட்டைக்குள்ள கெடக்கு."

ராசாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "வேற என்ன வேணும்?"

"அந்தப் பாழாப்போன வழக்கத்தை எடுங்க. வேலை செஞ்சவ வந்து பேசட்டும்."

எடுத்தாரு. சடைச்சி பணக்காரி ஆனாளா? ஆகலை. திரும்பப் போயி உலக்கையைத்தான் எடுத்தா. ஆனா குத்தின நெல்லுக்கு இனி பாதி அரிசி கூலின்னா, ஒருத்தரும் எதுத்துப் பேசலை.

அவளுக்குப் புத்தி பத்தாமப் போகலை, அதைச் சொல்ல அவளை விடலை, அம்புட்டுதான். உமி காத்தோட போச்சு, கதை உங்க காதோட ஆச்சு.