காத்தமுத்துவுக்குக் கிடைத்த இங்கிலீஷ் பட்டம்

பூசணிப்பட்டியில் ஆள்களுக்குக் குறைச்சல் இல்லை, அறிவுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. அங்கே காத்தமுத்து என்று ஒருத்தன் இருந்தான். அவனுக்குச் சொத்து என்றால் செவலை என்கிற கறவை மாடு ஒன்றுதான்.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாளாம். இது தெரிந்த தரகன் ஒருத்தன் வந்து சேர்ந்தான்.

"அண்ணே, கயிறு உங்க கையில இருக்கிற வரைக்கும் மாடு உங்களுதுதானே? செவலையைச் சும்மா காத்தாட ஓட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

நியாயமாகத்தான் இருந்தது. காத்தமுத்து கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டை அனுப்பிவைத்தான். "சரியான கல்லிபிள் அண்ணே நீங்க!" என்று தரகன் சிரித்தான். இவனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

மூன்று நாளாச்சு. மாடு வரவில்லை. பெண்டாட்டி பூவாயி பொங்கிவிட்டாள். "செவலை இல்லாம இந்த வாசப்படியை மிதிச்சீங்க, நடக்கிறதே வேற!"

காத்தமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா வீரணனிடமும், பூவாயியின் அண்ணன் சொக்கனிடமும் போய் நடந்ததைச் சொன்னான். அவர்களுக்கு மாடு பெரிசாகப் படவில்லை, அந்த வார்த்தைதான் உறுத்தியது.

"கல்லிபிள்னா ஏதோ சர்க்கார் பட்டம், மாப்ளே," என்றான் சொக்கன்.

"பட்டம்னா மாலை போட்டிருப்பானேடா. இது வியாதி. எங்கே, நாக்கை நீட்டு," என்றார் வீரணன்.

நாக்கில் வெற்றிலைச் சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சொக்கன் தள்ளி உட்கார்ந்தான்.

பக்கத்து ஊர் இங்கிலீஷ் டீச்சரிடம் போய்க் கேட்டார்கள். "யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பி ஏமாறுறவங்களைத்தான் அப்படிச் சொல்வாங்க," என்றார் டீச்சர்.

சே, என்னையா அப்படிச் சொல்லிட்டான்! காத்தமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இனிமேல் யார் என்ன சொன்னாலும் நம்புவதில்லை என்று மூவரும் டீச்சரின் மேசையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள்.

"சரி, பார்த்துப் போங்க, வெளியே படி இருக்கு," என்றார் டீச்சர்.

மூவரும் நம்பவில்லை. மூவரும் விழுந்தார்கள்.

நொண்டிக்கொண்டே சந்தைக்குப் போனால், அங்கே தரகன் செவலையோடு நிற்கிறான். முட்டியில் ரத்தம் வழிய மூன்று பேர் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு வெலவெலத்துவிட்டது.

"அண்ணே, தப்பு என் மேலதான்! இந்தாங்க உங்க மாடு, ஓட்டிட்டுப் போங்க!"

"எங்க மாடுன்னு நீ சொன்னா நாங்க நம்பணுமாக்கும்?" என்றான் காத்தமுத்து.

"சத்தியமா உங்களுதுதாண்ணே!"

"சத்தியம் வேற பண்றான் பாரு. வா மாப்ளே, போயிடலாம்," என்று சொக்கன் இழுத்தான்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். செவலை விடுமா? பின்னாலேயே ஓடிவந்து, வாசலில் நின்று 'ம்மா' என்றது.

"நீ கத்தினா மட்டும் நம்பிடுவேனா? போ அந்தப் பக்கம்!" என்று காத்தமுத்து கையை ஓங்கினான்.

பூவாயி ஓடிவந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, விரட்டாதீங்க! இது நம்ம செவலைதாங்க! கட்டின பொண்டாட்டி சொல்றேன்!"

காத்தமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பொண்டாட்டின்னு நீயே சொல்லிக்கிட்டா ஆச்சா தாயி?"

பூவாயி திகைத்துப்போய்ச் சொக்கன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீயாவது சொல்லுண்ணே!"

சொக்கன் சட்டென்று இரண்டடி பின்வாங்கி, காத்தமுத்துவின் காதில் கிசுகிசுத்தான்.

"உஷாரு மாப்ளே. என்னைய அண்ணன்கிறா. இது பெரிய கூட்டம்!"