மட்கார்டு மாட்ட மறுத்த ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் அண்ணாச்சி உண்மை பேசி நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். கடைவாய்ப்பல் பிடுங்கிய அன்று "வலிக்கி" என்று சொன்னார். மறுநாளே அதையும் திருத்திக்கொண்டார். வலித்தது பல்லைப் பிடுங்கிய டாக்டருக்குத்தானாம். இவர்தான் அவரைத் தோளில் தட்டித் தேற்றினாராம். பாளையங்கோட்டையில் மிக்ஸியும் கிரைண்டரும் விற்கிறவர். அவர் விற்ற கிரைண்டரைப் பற்றி அவரே சொல்வதை நம்பினால், அது மாவரைத்து, இட்லி அவித்து, சட்னி போதுமா என்றும் கேட்கும்.

எங்கள் நெடுந்தூர சைக்கிள் குழுவில் அவரும் ஒருவர். ஆண்டுதோறும் ஐப்பசி மழையில் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி போய்த் திரும்புவது எங்கள் வழக்கம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர் அவர் முதுகுக்குள் ஒளிந்துகொண்டு, ஒரே வரிசையாகப் போவோம். கோடையில் இது நல்ல ஏற்பாடு. மழைக்காலத்திலோ முன்னவரின் பின்சக்கரம் சாலையை வாரிப் பின்னவரின் வாயில் போடும். சாலை என்றால் வெறும் தார் அன்று. சாணி, மீன் கழுவிய தண்ணீர், நசுங்கிய தக்காளி எல்லாமும் சேர்ந்ததுதான் நம் நாட்டில் சாலை. ஒரு வருடம் ஆலங்குளம் காய்கறிச் சந்தையை முழுதாகத் தின்றுவிட்டு நான் வீடு திரும்பினேன். திரும்பியவுடன் விதி செய்தேன்: மழைக்காலத்தில் தனக்குப் பின்னால் ஓர் ஆள் வருகிற எவரும், தரையைத் தொடும் அளவுக்கு ரப்பர் மடல் தொங்கும் முழுநீள மட்கார்டு மாட்டியிருக்க வேண்டும். மாட்டாதவருக்கு வரிசையில் இடமில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள், மைதீன் பாயின் சைக்கிள் கடையில் வைத்து எல்லோருடைய வண்டியையும் பரிசோதிப்பது என் பொறுப்பு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தடையில்லாமல் போய்வர வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், ஒரு சிறு கல் உள்ளே சிக்கினாலும் சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார்.

அண்ணாச்சியின் புது சைக்கிளில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. மட்கார்டு இல்லை. மாட்டவும் முடியாது. அந்த சைக்கிளின் ஃபிரேமில் இருபத்தெட்டு டயர் போட்டால் மட்கார்டுக்கு இடம் உண்டு, முப்பத்திரண்டு போட்டால் இல்லை. இது கருத்து வேறுபாடு அன்று, இரும்பு.

இந்த முறை அண்ணாச்சிதான் வரிசையின் முதல் ஆள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவருடைய மச்சினன்மார் மூன்று பேரும் வந்து நிற்கப்போகிறார்கள். குழுவுக்கே தான்தான் தலைவர் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார். குழு தொடங்கியது அதற்குப் பல வருடங்களுக்குப் பின்பு. நாளை முதல் ஆளாக உள்ளே நுழையாவிட்டால் அந்த வீட்டில் அவர் இனிமேல் தலைநிமிர்ந்து சாப்பிட முடியாது. அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. அதாவது அவருடைய பின்சக்கரத்துக்கும் என் வாய்க்கும் இடையே ஒரு கை தூரம்.

"அண்ணாச்சி, மட்கார்டு எங்க?"

"அதெல்லாம் ஓட்டத் தெரியாத பயலுவளுக்கு, தாயி."

"ரெண்டுல ஒண்ணுதான் அண்ணாச்சி. டயர மெலிசா மாத்துங்க, மட்கார்டு மாட்டலாம். இல்லன்னா இந்தக் குண்டு டயரோட வீட்ல இருங்க."

அவர் பாயின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும். கால்நடை டாக்டர் சொர்ணவேல், ஏற்கெனவே பரிசோதனையில் தேறிவிட்ட தம் சைக்கிளோடு கிளம்ப இருந்தவர், அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேநீர் சொல்லி அனுப்பினார்.

"மெலிசு டயரா? அதுல நான் பட்ட பாடு ஊருக்கே தெரியுமே. போன வருசம் போட்டேன். எவ்வளவு மெலிசுங்கிய? வெயில்ல நிப்பாட்டுனா சைக்கிளுக்கு நிழல் விழும், டயருக்கு விழாது. முன்னீர்பள்ளம் தாண்டி ரோட்டோரம் வெள்ளைக்கோடு போட்டிருக்குல்லா? அது மேல ஏத்துனேன். டயரு கோட்டுக்கு அடியில பூந்துட்டு. தோசைக்கரண்டி கணக்கா கோட்டைப் பேத்துக்கிட்டே போவுது. சேரன்மாதேவி போய் இறங்கிப் பாத்தா, கோடு பூரா சக்கரத்துல சுருண்டு கெடக்கு. ரோடு வெறுங்கழுத்தோட நிக்கு."

"பொறவு என்ன செஞ்சிய?" என்றார் சொர்ணவேல்.

"அரசாங்கச் சொத்துல்லா? திரும்பி வரும்போது அப்படியே விரிச்சு விட்டுட்டு வந்தேன்."

"நேராவா?"

"கொஞ்சம் வளைஞ்சிருக்கும். வேணும்னா இப்பவே போய்ப் பாரும் வே."

எனக்கு அந்த இடம் தெரியும். கோடு வளைந்துதான் இருக்கிறது. சாலையே அங்கே வளைகிறது.

"டயர விடுங்க, மட்கார்டுக்கு வாங்க" என்றேன்.

"வந்துட்டேன். மட்கார்டும் மாட்டிப் பாத்தவன்தான் நான். நல்லா நெருக்கமா மாட்டுனேன். உங்க சுண்டுவிரல் என்ன, சிலந்தி உள்ள போச்சுன்னா பக்கவாட்டுல திரும்பித்தான் போவணும். அம்பாசமுத்திரம் வயக்காட்டு ரோட்டுல போறேன், சேறு உள்ள ஏறிட்டு. சேத்துல நாலு நெல்லு. கடையத்துக்கிட்ட பாக்கேன், முளைச்சிட்டு! சக்கரம் சுத்தச் சுத்தத் தண்ணி பாயுது, பயிரு எழும்புது. பாவூர்சத்திரத்துல இறங்கிக் களை எடுத்தேன்."

"மட்கார்டுக்குள்ள வெயில் எப்படி வந்துச்சு அண்ணாச்சி?"

"திருவாணி போடுத ஓட்டை ரெண்டு சும்மா கெடந்துது. அது வழியா வந்துச்சு. எல்லாத்தையும் கேப்பிய, விளைஞ்சது எப்படின்னு கேக்க மாட்டிய. தென்காசி எல்லைக்குள்ள நுழையும்போது கதிரு முத்திட்டு. சக்கரமே அடிச்சு, சக்கரமே தூத்தி, பின்னால ரப்பர் மடல் வழியா நெல்லாக் கொட்டுது. எவனோ ஒருத்தன் சாக்கப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாலயே ஓடியாரான்."

"அப்ப வைக்கோல்?"

"உம்ம மாட்டாஸ்பத்திரிக்குத்தான வே அனுப்புனேன். வரலியா?"

சுண்டுவிரல் இடைவெளி ஏன் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியதில்லை. தன் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கட்டும் என்று சொல்லியும் பார்த்தேன்.

"சரியாச் சொன்னிய. நெருக்கமா மாட்டுனா அப்படித்தான் ஆவும். அதான் இடைவெளி விட்டு மாட்டுங்கன்னு சொல்றேன்."

"அதையும் செஞ்சாச்சு தாயி! நான் செய்யாதது உண்டா? அகலமா ஒரு மட்கார்டு வாங்கி, விரல் என்ன, கையே போற மாதிரி மாட்டுனேன். கயத்தாறு கரண்டு காத்தாடி பக்கம் போனேன் பாருங்க, காத்து அந்தச் சந்துல பூந்துட்டு. சைக்கிள் மெள்ள மேல எந்திரிக்கி. நானும் மிதிக்கிறத நிப்பாட்டல, நிப்பாட்டுனா விழுந்துருவோம்லா? காத்தாடி உச்சிக்கே போயாச்சு. அங்கன ஒருத்தர் உக்காந்து எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்காரு. 'அண்ணாச்சி, எங்க போறிய?'ன்னு கேக்காரு. 'தென்காசிக்கு'ன்னேன். 'இது கோவில்பட்டி ரூட்டுல்லா'ன்னாரு. நல்ல மனுசன். அங்கனயே வளைச்சுத் திருப்புனேன். நான் திருப்புன வேகத்துல அம்புட்டுக் காத்தாடியும் மறுபக்கமா சுத்திட்டு."

"சுத்தினா?"

"கரண்டு பூரா ரிவர்ஸ்ல வந்துட்டு வே! வீட்டுக்கு வீடு ஃபேன் காத்த உள்ள இழுக்கு. அயன்பாக்ஸ் வச்சா சட்டை கசங்குது. மிக்ஸியில சட்னியப் போட்டா முழுத்தேங்காயா வெளிய வருது."

"எல்லா மிக்ஸியிலயுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மத்த கடையில வாங்குனதுல அரைமூடித் தேங்காயாத்தான் வந்துச்சு. முழுசா, குடுமியோட வந்தது நான் வித்ததுல மட்டுந்தான்."

சொர்ணவேல் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மைதீன் பாய்க்கு இந்த வானவெளிப் பயணத்தில் எந்த ஆர்வமும் இல்லை. ஒரு கையில் இருபத்தெட்டு டயர், மறு கையில் கடைச்சாவி.

"அண்ணாச்சி, எனக்குத் தொழுகைக்கு நேரமாச்சி. மாட்டணுமா, வேண்டாமா? மாட்டணும்னா இறங்கி வாங்க, காத்தாடியில இருந்து."

"வேண்டாம் பாய். ஏன் வேண்டாம்னு கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இத நான் வெளிய சொல்றதில்ல, சொன்னா பெருமைக்குச் சொல்லுதான்னு நெனப்பாங்க." இங்கே அவர் குரலைத் தாழ்த்தினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்கிற அளவுக்குத் தாழ்த்தினார்.

"இதே சைக்கிள், இதே குண்டு டயரு, மட்கார்டு கெடையாது. குத்தாலத்துக்குப் போறேன். சாரல் பொய்ச்சுப் போச்சு, அருவியில சொட்டுத் தண்ணி இல்ல. எங்கெங்க இருந்தோ வந்த சனம் உடம்பு பூரா எண்ணெயத் தேச்சிக்கிட்டுப் பாறையவே பாத்துக்கிட்டு நிக்கு. மனசு கேக்கல தாயி. ரோட்டுல ஒரு பள்ளத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி தேங்கிக் கெடந்துது. சக்கரத்த அதுல எறக்கி ஒரு மிதி மிதிச்சேன். பின்சக்கரத்துல இருந்து தண்ணி எந்திரிச்சிது பாருங்க, புளியமரத்துக்கு மேல போயி, வளைஞ்சு, சோ...ன்னு விழுது. அவ்வளவுதான், சனம் பூரா அதுக்கு அடியில! ஆம்பளையாளு இந்தப் பக்கம், பொம்பளையாளு அந்தப் பக்கம். போலீஸ்காரர் விசிலடிச்சு வரிசையில விடுதாரு. கொரங்கு வந்து சோப்பத் தூக்கிட்டு ஓடுது."

"மிதிச்சா சைக்கிள் நகந்துருக்குமே அண்ணாச்சி. எப்படி ஒரே எடத்துல நின்னு குளிப்பாட்டுனிய?" இது சொர்ணவேல்.

"யார் நின்னா? நான் போறேன், அருவியும் கூடவே வருது, சனமும் குளிச்சிக்கிட்டே ஓடியாருது. தலைக்குச் சீயக்காய் போட்டவன் அலசி முடிக்கும்போது செங்கோட்டை வந்துட்டு. துண்டு குத்தாலத்துல, ஆளு செங்கோட்டையில! இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா 'குண்டு டயர் அருவி எப்ப விழும்'னுதான் கேக்காங்க. அந்தச் சனத்த நெனச்சுத்தான் தாயி மட்கார்டு மாட்ட மாட்டேங்கேன். எனக்காகவா? பொதுச்சேவை."

எதிர்த்துக் கேள்வி கேட்கிற அளவுக்குக் கூட அந்தப் புளுகில் பிடிமானம் இல்லை. அண்ணாச்சி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். சாட்சி விசாரணை முடிந்தது, தீர்ப்புத் தனக்குத்தான் என்கிற முகம்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் நம்புறேன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். அவருடைய வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை முதன்முறையாகக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மைதீன் பாயைப் பார்த்தார்.

"கோடு பேந்தது, நெல் விளைஞ்சது, தேங்காய் வந்தது எல்லாம் சரி. அருவியும் சரி. அதனாலதான் சொல்றேன். அருவிய முன்னால விட்டா, பின்னால வாற அத்தனை பேரும் முங்கிருவோம். நீங்க கடைசியா வாங்க. உங்களுக்குப் பின்னால ஆள் கெடையாது, அதனால விதியும் கெடையாது. மட்கார்டு வேண்டாம். முப்பத்திரெண்டு டயரே இருக்கட்டும்."

"கடைசியிலயா?"

"கடைசியில."

மச்சினன்மார் மூவரும் அவருடைய கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றது எனக்கே தெரிந்தது. அவர் ஒரு தரம் டயரைத் தடவினார். ஒரு தரம் என்னைப் பார்த்தார். மெலிந்த டயருக்கு ஒப்புக்கொண்டால் இதுவரை பேசியது வீண். ஒப்புக்கொள்ளாவிட்டால் தென்காசியில் மானம் போகும். இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையக்கூட இடமில்லை. நான் கொஞ்சம் இரக்கப்பட்டும் விட்டேன். அந்த இரக்கம் நீடிக்க அவர் விடவில்லை. முகம் மெல்லத் தெளிந்தது. தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வச்சுக்கோங்க தாயி, கடைசி எடத்தையே எனக்குக் குடுங்க. உலகம் உருண்டைல்லா? நீங்கள்லாம் தென்காசியப் பாத்துக் கெளம்புங்க. நான் கெழக்க பாத்துத் திருப்பி ஒரு மிதி மிதிப்பேன். தூத்துக்குடி, கடலு, சீனா, சப்பான், அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக்கடல், செங்கோட்டைக் கணவாய். நீங்க ஆலங்குளத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது நான் சுத்தி வந்து உங்களுக்கு முன்னால சேந்துக்கிடுவேன். தென்காசி பஸ் ஸ்டாண்டுல என் மச்சினன்மாரு பாப்பானுவ. மொத ஆளா நுழையுறது யாரு? ஆவுடையப்பன்!"

"அப்ப உங்களுக்கு அடுத்து வாறது?"

"வேற யாரு? நீங்கதான்! எனக்குப் பின்னால, ஒரு கை தூரத்துல!" என்றார், வென்றுவிட்ட குரலில்.

"பாய், இருவத்தெட்டு டயரையும் மட்கார்டையும் எடுங்க" என்றேன். "அண்ணாச்சிக்குப் பின்னால ஆள் வருது."