ஈ கொடுத்த சிறகு

பூச்சிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தேன் சேர்க்கும் அரும்பிக்கும் நான்கு சிறகு, அவள் தங்கை போல ஒட்டித் திரிந்த குட்டி ஈக்கும் நான்கு சிறகு. அன்றைக்கு யாரும் 'கொடு' என்று சொல்வதில்லை. 'ஈ' என்றுதான் கேட்பார்கள். யார் எதைக் கேட்டாலும் ஈ திரும்பிப் பார்ப்பாள்.

"உன்னைக் கூப்பிடலைடி, மகரந்தம் கேட்டேன்" என்று அரும்பி சிரிப்பாள்.

ஒருநாள் பீர்க்கங்கொடிக்குக் குறுக்கே கட்டியிருந்த வலையில் அரும்பி சிக்கினாள். பின்சிறகுகள் இரண்டும் நூலில் ஒட்டிக்கொண்டன. மேலேயிருந்து சிலந்தி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியது. கீழே கட்டெறும்புகள் தலை தூக்கிக் காத்திருந்தன. சிறகைப் பிய்த்துக்கொண்டால் சிலந்தியிடமிருந்து தப்பலாம். ஆனால் முன்சிறகுகள் மட்டும் அவள் உடம்பைத் தாங்காது. எறும்புகளுக்கு நடுவில்தான் விழுவாள்.

பதறிப் பறந்து வந்த ஈயைக் கண்டதும் அரும்பி கத்தினாள்: "ஈ! கிட்ட வராதே, ஓடிப் போ!"

காற்று சுழன்றடித்தது. ஈயின் காதில் முதல் எழுத்து மட்டும்தான் விழுந்தது.

அக்கா கேட்கிறாள். எதை? பூவில் உட்கார்ந்து பார்த்தாள். ஒட்டிக் கிடந்த சிறகுகள் கண்ணில் பட்டன. மழைக்குப் பிறகு ஈசல்கள் சிறகு உதிர்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் அவளுக்கு இமையும் இல்லை. பார்த்துக்கொண்டே உடம்பை உதறினாள். பின்சிறகுகள் முறிந்தன. குண்டூசித் தலை போல இரண்டு முளைகள் மிஞ்சின.

"ஒருத்திக்குத்தான் இலை போட்டேன். இன்னொருத்தியும் பந்திக்கு வந்துட்டாளே!" என்றது சிலந்தி.

ஈ கொடியில் ஊர்ந்து போய்ச் சிறகுகளை நீட்டினாள். "அக்கா, பிடி!"

அரும்பி தன் சிறகுகளைப் பிய்த்துக்கொண்டு தண்டைப் பற்றினாள். வயிற்று மெழுகால் புதியவற்றை ஒட்டி, முன்சிறகோடு கொக்கி போட்டு மாட்டி, எழும்பினாள். சிலந்தி ஈயின் மேல் பாய்ந்தது.

ஈ குதித்தாள். தலைகீழாகச் சுழன்றாள். எறும்புகளின் கொடுக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பயத்தில் முளைகள் இரண்டும் படபடவென்று துடித்தன. அந்தத் துடிப்பில் உடம்பு நிமிர்ந்தது. சட்டென்று ஒரு பக்கமாக நழுவி மேலே போனாள்.

பூசணி இலையில் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"நான் எதுவும் கேட்கலையேடி. உன் பேரைத்தானே சொன்னேன்!" அரும்பி அழுதாள். சிறகைத் திருப்பித் தர முடியாதபடி மெழுகு அதற்குள் இறுகிவிட்டது.

ஈ முதுகைத் தடவிப் பார்த்தாள். "போகட்டும் அக்கா. இனிமே அந்தப் பேரு உனக்கும் இருக்கட்டும். யாராவது கேட்டா நீயும் திரும்பிப் பாரு."

அன்று முதல்தான் அரும்பியின் இனம் தேனீ ஆனது. இரவல் வாங்கிய பின்சிறகுகள் இன்றும் முன்சிறகுகளைவிடச் சின்னவை. ஈக்கோ இரண்டே சிறகுதான். ஆனால் நாம் கை ஓங்கும்போதெல்லாம் அந்த முளைகள் துடிக்கின்றன, அவள் நழுவிவிடுகிறாள்.