வெண்டைக்காய் பேச்சை விட்டது ஏன்?

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் எங்கே முளைத்தாலும் ஒவ்வொன்றும் தன் விதை வந்த மண்ணின் மொழியைத்தான் பேசும். அப்போதெல்லாம் வெண்டைக்காய்க்கு வழவழப்பே கிடையாது. நறுக்கினால் கத்தியில் ஒரு சொட்டு ஈரம்கூட ஒட்டாது.

ஆப்பிரிக்காவில் குவான்சா ஆற்றங்கரையில் லெம்பா என்றொரு பெண் இருந்தாள். அவளை ஆள்பிடிப்பவர்கள் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் வெண்டை விதைகளை நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். அவளுடைய ஊரில் வெண்டைக்கு கிங்கோம்போ என்று பெயர்.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில், ஒரு பண்ணையாரின் சமையற்கட்டில் அவளை அடிமையாக விட்டார்கள். சமையற்கட்டின் பின்னால் விதைகளை ஊன்றினாள். செடி முளைத்ததும் அவள் மொழியில் பேசியது.

"லெம்பா, இந்நேரம் ஆற்றில் உன் அம்மா துணி அலசிக்கொண்டிருப்பாள், இல்லையா?"

"ஆமாம். அலசிக்கொண்டே பாடுவாள்."

அந்தத் தேசத்தில் அவளோடு அவள் மொழியில் பேச வேறு யாரும் இல்லை.

ஒரு வருடம் பெரும்புயல் வந்தது. பண்ணையார் குடும்பத்தோடு படகேறிப் போய்விட்டார். லெம்பாவை ஏற்றிக்கொள்ளவில்லை. வெள்ளம் சூழ்ந்து, சமையற்கட்டு இருந்த மேடு மட்டும் மிஞ்சியது. அங்கே இன்னும் இரண்டு பேர் வந்து ஒதுங்கினார்கள். ஒருத்தி ஓசித், வடக்கே குளிர்க்கடலோரத்து ஊரிலிருந்து துரத்தப்பட்ட பிரெஞ்சுக்காரி. அவளுடைய படகு கவிழ்ந்திருந்தது; நனைந்ததில் காய்ச்சல் கண்டிருந்தது. மற்றவன் நஷோபா, அந்த மண்ணுக்கே உரிய சோக்டா இனத்து வேட்டைக்காரன். தன் ஓடத்தைக் கரையில் இழுத்துக் கட்டியிருந்தான். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை.

உலர்ந்த விறகு ஓர் அடுப்புக்குத்தான் இருந்தது. லெம்பா அரிசியை வடித்து இறக்கினாள். ஓசித் பன்றிக்கொழுப்பில் மாவைச் செம்பழுப்பாக வறுத்துத் தண்ணீர் ஊற்றினாள். நஷோபா புகையில் வாட்டிய வாத்தையும் பிடித்த இறாலையும் அதில் போட்டான். ஆனால் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. கொழுப்பு மேலே மிதந்தது, மாவு அடியில் தங்கியது. நஷோபா தன் வாத்துத் துண்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான். காய்ச்சல் ஏறிப் படுத்துவிட்ட ஓசித் ஒரு வாய் வைத்ததுமே துப்பிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது செடி கூப்பிட்டது. "லெம்பா, என் காய்களைப் பறித்து அந்தச் சட்டியில் போடு."

"போட்டால்?"

"என் பேச்சைக் கரைத்து எல்லாவற்றையும் சேர்த்துவிடுவேன். அப்புறம் என்னால் பேச முடியாது. என் விதையாலும் முடியாது."

"வேண்டாம்! உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

ஓசித் காய்ச்சலில் ஏதோ முனகினாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது என்ன சொல் என்று லெம்பாவுக்குத் தெரியாது. ஊர்ப் பெயராகவோ அம்மாவின் பெயராகவோதான் இருக்கும் என்று நினைத்தாள். அப்படித் தானும் கப்பலில் முனகியவள்தானே.

அழுதுகொண்டே காய்களைப் பறித்தாள். கத்தியை வைக்கும்போது வெண்டை, அவள் அம்மா கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி ஒருமுறை அழைத்தது. பிறகு சத்தமில்லை.

சட்டியில் குழம்பு மெல்லக் கெட்டியானது. கொழுப்பும் மாவும் கறியும் ஒன்றாயின. லெம்பா அதைச் சோற்றின்மேல் ஊற்றி ஓசித்தின் வாயில் ஊட்டினாள். அவள் விழுங்கினாள். இன்னும் கேட்டு வாயைத் திறந்தாள். நஷோபா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டான். சட்டியைக் காட்டி, இது என்ன என்று கையால் கேட்டான்.

"கிங்கோம்போ."

"கோம்போ" என்றான் அவன்.

"கம்போ" என்றாள் ஓசித், படுத்தபடியே.

கப்பலேறிய பிறகு தன் மொழியில் ஒரு சொல்லை மனிதக் குரலில் லெம்பா கேட்டது அப்போதுதான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இருவரும் சொன்னார்கள்.

வெள்ளம் வடிந்தபோது அவள் பண்ணையாருக்காகக் காத்திருக்கவில்லை. விதைகளை முடிந்துகொண்டு, நஷோபாவின் ஓடத்தில் ஓசித்தோடு ஏறிச் சதுப்புக்காட்டுக்குள் போய்விட்டாள்.

வெண்டைக்காய் ஊமையானதும், நறுக்கினால் நூலாய் இழைவதும் அன்று முதல்தான். லூசியானாவில் யார் வீட்டில் அந்தக் குழம்பு கொதித்தாலும், பசித்த பிள்ளைகள் கம்போ, கம்போ என்று லெம்பாவின் மொழியில் கேட்பதும் அன்று முதல்தான்.