வான நீலக் கிளைடர்

எங்கள் குருவுக்குத் தொழில் பல் பிடுங்குவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவாய்க்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறைக்கு வந்து கிளைடர் விடுவார். இன்ஜின் இல்லாத குட்டி விமானம். கையால் வீசினால் காற்றிலேயே ஏறும், ரிமோட்டில் திருப்பலாம். அவரிடம் கற்றுக்கொள்ளப் போன எங்களில் யாருக்கும் அவர் நீளமாகப் பதில் சொன்னதில்லை. அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதே அவருக்குப் போதும்போலிருக்கிறது.

மரகதவல்லி டீச்சரும் அவருக்குச் சிஷ்யைதான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. குருவைவிட நிறையவே மூத்தவர் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பழைய கிளைடரில் பழகி, கை நன்றாக வந்த பிறகு, ஒருநாள் கணவர் செய்த கிளைடரை எடுத்துவந்தார். அவர் அதைச் செய்து, பெயிண்ட் அடித்து, காயவைத்தார். பறக்க விடுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

"ஒரே ஒரு தடவை பறக்க விட்டு, பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோகணும் தம்பி. அவர் கடைசியா செஞ்சது இதுதான். எந்தக் கலர் இருந்தா கண்ணுக்குத் தப்பாது?"

குரு கிளைடரை மல்லாத்திப் பார்த்தார். மேலும் கீழும் வான நீலம்.

"அடியில கருப்பு. மேல மஞ்சள்."

"அவர் கையால அடிச்சதுமேல கருப்பா?"

குரு கிளைடரைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார்.

"வானத்துல பறக்கிறதுக்கு வானத்தோட கலர் அழகா இல்லையா?"

"அழகுதான் அக்கா."

"அப்புறம் என்ன?"

"கண்ணுல இருந்து போயிட்டா, ரிமோட்ல இருந்து கையை எடுத்துடுங்க."

"எடுத்தா விழுந்துடாதா?"

"அதுபாட்டுக்கு இறங்கும்."

நான்தான் வீசிவிட்டேன். காற்று அதை ஏந்திக்கொண்டது. டீச்சர் கட்டைவிரலை அசைக்க அசைக்க, வட்டமடித்து மேலே போனது. போகப்போக நீலம் மெலிந்தது. பிறகு தண்ணீரில் சர்க்கரை கரைவது மாதிரி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. கீழே காற்றாலைகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"கையை எடுங்க," என்றார் குரு.

டீச்சர் எடுக்கவில்லை. பார்வை வானத்தைத் துழாவியது.

"இதோ இருக்கு!"

மேகத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி. டீச்சர் இடப்பக்கம் திருப்பினார். அதுவும் இடப்பக்கம் திரும்பியது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எப்படிக் கேக்குது பாத்தீங்களா? அந்த மனுஷன் உயிரோட இருந்தவரைக்கும் நான் சொன்ன பக்கம் ஒரு நாளும் திரும்பினதில்ல."

சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

குரு எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஏறி வந்தார். கையிலிருந்ததை டீச்சர் காலடியில் வைத்தார்.

நீலக் கிளைடர். இறக்கையில் காய்ந்த புல் ஒட்டியிருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். கட்டைவிரல் தானாக அசைந்தது. காலடியில் கிர்ரென்று ஒரு சத்தம். கிளைடரின் வால் இடப்பக்கம் மடங்கியது.

மேலே அதுவும் இடப்பக்கம் திரும்பியது.

பருந்தாகத்தான் இருக்கும். பருந்துதான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பார்த்த நேரம் முழுக்க அது ஒரு முறைகூடச் சிறகடிக்கவில்லை.

"அப்போ நான் ஓட்டிட்டிருக்கிறது எதை?" டீச்சரின் குரல் மெல்ல வந்தது.

"கையை எடுங்க அக்கா."

"எடுத்தா போயிடும் தம்பி."

குரு காலடியில் கிடந்த கிளைடரைக் காட்டினார்.

டீச்சர் ரிமோட்டைப் பாறைமேல் வைத்தார். காலடியில் வால் நேராகி அசையாமல் நின்றது. மேலே அது இடப்பக்கம் திரும்பியது. இன்னொரு வட்டம் போட்டது. நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு கணவாய்க்கு அந்தப் பக்கம் சரிந்து போனது.

"நான் கையை எடுத்த பிறகும் திரும்புச்சே."

"நீங்க பிடிச்சிருந்தப்பவும் அதுவாத்தான் திரும்புச்சு. அது போன பக்கம் உங்க விரல் போச்சு."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். நீலக் கிளைடரை மடியில் எடுத்து வைத்து, ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். காற்று நின்றிருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அது என்னது தம்பி?"

குரு பையைத் திறந்து கருப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகி டீச்சர் பக்கத்தில் வைத்தார்.

"தெரியல அக்கா. அதனாலதான் நம்மளோடதுக்குக் கருப்பு அடிக்கிறது."